ஊராத்துறைக் கல்லும் மேகக் கணிமையும்

நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் படகேறிச் சென்று வழிபட்டு மீள்வோர் பல்லாயிரவர். அக்கோயிலிலே ஒரு பழங்கல்வெட்டு உண்டென்பதை அறிந்தோர் அவருட் சிலர். அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டோர் மிகச் சிலரே. கோயிற் கல்வெட்டு என்றால் விளக்கெரிக்க ஆடு விட்டதையோ, அமுதுபடிக்கு நிலம் விட்டதையோ கூறும் என்று எண்ணுவது இயல்பு. இந்தக் கல் அத்தகையதன்று. இது ஒரு துறைமுகத்தின் சட்டம். பிறருடைய துறையைப் பாவிக்க வருவோர் எந்த நிபந்தனைக்கு உட்பட்டு வரவேண்டும் என்பதைத் துறையுடையவன் வாயிலாகவே கூறும் சாசனம்.

பொலநறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) விதித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழிலே வெளியிட்டார். அதில் ஊராத்துறை என வருவது நமது ஊர்காவற்றுறையே. ஆணையின் சாரத்தை நம் பேச்சிலே சொன்னால் இவ்வளவுதான்: பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும், பல துறைகளிலிருந்தும் வணிகர் நம் துறையிலே வந்து கூடவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்துபோனால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாகம், அதாவது சரிபாதி, பண்டாரத்துக்கு. மற்றச் செம்பாகம் உடையவனுக்கு. (பண்டாரம் என்றது ஈண்டு அரச கருவூலத்தை, நம்மூரில் மாலை கட்டும் பண்டாரத்தை அன்று.)

உடைந்த கப்பலின் பொருளிலே அரசனுக்கு என்ன பங்கு என்று இளைஞர் கேட்கக்கூடும். கரையில் ஒதுங்கியது கரையுடையவனுக்கு என்பது பழைய உலகிற் பல நாடுகளிலும் வழங்கிய நியாயம். ஆந்திரக் கரையிலே மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் ஓர் அபய சாசனம் நிறுத்தினான். முன்னிருந்த அரசர் உடைந்த கலங்களின் பொருள் முழுவதையும் பறித்துக்கொண்டனர் என்றும், தான் முறைப்படியான தீர்வையை மாத்திரமே கொள்வதாகவும் அவன் அதிலே உறுதி கூறுகின்றான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முந்தியது நமது ஊராத்துறை ஆணை. முழுவதையும் எடுக்க வலியுள்ளவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட கட்டளை என்று இதனைக் கொள்ளலாம்.

ஆனால் ஏன் குதிரைக் கலத்துக்குக் கால், சரக்குக் கலத்துக்கு அரை? காரணத்தைக் கல்லே சொல்லிவிடுகிறது: யானை குதிரைகளில் அரசனுக்கு விருப்பம் உண்டு. யானை மலிந்த இலங்கைக்கு யானை வருவதா என்று வியக்க வேண்டா. பராக்கிரமபாகுவின் காலத்தில் பர்மிய நாட்டரசன் யானை விற்பனையைத் தடுத்து விலையையும் உயர்த்தினான் என்றும், இரு நாட்டுக்கும் பகை மூண்டதற்கு அது ஒரு காரணமாயிற்று என்றும் சூளவம்சம் கூறுகின்றது. விற்பவன் விதித்த தடை கப்பற்படை அனுப்பும் அளவுக்குப் போயிற்று. அதேகாலத்தில் சோழருடனும் போர். இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழத்தரசன் படையெடுப்புக்காக ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களிலே படை திரட்டிக் கலங்கள் கட்டினான் என்றும், சோழர் பக்கத்தார் வந்து அவற்றை அழித்து யானைகளைப் பிடித்துச் சென்றனர் என்றும் கூறும். போர் நெருங்கும் காலத்தில் அரசனுக்கு மிளகும் துணியும் பெரிதல்ல, குதிரையே பெரிது. ஆகவே குதிரை கொண்டுவருபவனுக்குச் சலுகை, ஏனையோருக்குக் குறைந்த சலுகை. நிபந்தனையைக் கூர்ந்து படித்தால் துறையுடையவனுக்கு எது வேண்டும், எதற்கு அவன் அஞ்சுகிறான் என்பது வெளிப்பட்டுவிடும். இக்கட்டுரை முழுவதும் அந்த ஒரு கண்ணோடேயே செல்ல விரும்புகிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள் அக்கல்லிலே நோக்கத்தக்கன. ஆணையின் பெரும்பகுதி தமிழில் உள்ளது. பொலநறுவை அரசனின் ஆணையாயினும், துறைக்கு வந்து போவோருக்கும் துறையிலே அதிகாரம் செய்வோருக்கும் விளங்கும் மொழியிலே அது எழுதப்பட்டது. மற்றொன்று, கல்லிலே வெட்டப்பட்டது. பங்கு காலா அரையா என்பதில் பின்னொரு நாள் துறை அதிகாரி நாவைப் புரட்ட முடியாது. வணிகன் கல்லைச் சுட்டிக் காட்டலாம்.

போர்த்துக்கேயர் வந்தபின் நிலை வேறாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அவர்கள் இந்துமாகடலிற் செல்லும் ஆசிய மரக்கலங்கள் எல்லாம் தங்களிடம் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றனர். கலத்தின் தலைவன் யார், எங்கே போகிறது, என்ன ஏற்றியிருக்கிறது என்பன அச்சீட்டிலே குறிக்கப்படும். அவர்களுடைய பகைவரை ஏற்றக்கூடாது. படைக்கலமும் மிளகும் கொண்டுபோகக்கூடாது. அவர்களுடைய கோட்டைத்துறையிலே நின்று தீர்வை கட்டவேண்டும். சீட்டில்லாத கலம் கொள்ளைக்குரியது. ஊராத்துறை ஆணைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பராக்கிரமபாகு தன் துறைக்கு வந்தவனுக்கு நிபந்தனை கூறினான். போர்த்துக்கேயரோ தாங்கள் தோண்டாத கடலுக்குச் சீட்டு விற்றனர். நமது துறைக்கு 'கேய்ற்ஸ்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அவர்கள் விட்டுச்சென்றதே. கப்பற்றுறை என்னும் பொருளுடைய 'காய்ஸ்' என்ற அவர்கள் சொல்லின் திரிபு அது.

1658இல் கடற்கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. இலங்கையின் வடிவம் பன்றித்தொடை போலிருக்கிறதென்றும் கோட்டை அதன் குதிக்காலில் நிற்கிறதென்றும் கண்டு அதற்கு 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டவர்கள் அவர்கள். பெயரிடுவதிலும் சமையலறை நினைவு போகவில்லை! ஒல்லாந்தக் கம்பனியும் சீட்டு முறையைக் கைவிடவில்லை. கறுவாவும் யானையும் கம்பனிக்கே உரியவை. வன்னிக்காட்டில் பிடித்த யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணம் கொண்டுவரப்பட்டு, கோல்கொண்டா முதலிய இடத்து வணிகருக்கு விற்கப்பட்டு, ஊர்காவற்றுறையிலே கப்பலேறின. யார் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பது நம் கண்முன்னே நடந்த சரித்திரம்.

இன்று அத்துறையில் அந்த மரக்கலங்கள் இல்லை. ஆயினும் நாம் பெரும்பாலும் அறியாமலே வேறொரு துறையிலே நமது சரக்கை இறக்கி வைத்திருக்கின்றோம். கோயில் உற்சவக் கணக்கு, சங்க அங்கத்தவர் பெயர்ப்பட்டியல், பரிசளிப்பு விழாப் படங்கள், தொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் ஊரவரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, இவையெல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? காரியதரிசியின் அலுமாரியிலன்று. அவருடைய கைத்தொலைபேசியிலும் முழுவதாக இல்லை. கூகிள், மைக்ரோசொப்ட், அமேசன் போன்ற கம்பனிகளின் இயந்திரசாலைகளிலே இருக்கின்றன. இதற்கு மேகக் கணிமை என்று பெயர். பெயர் மேகமாயினும் பொருள் நிலத்திலேதான் இருக்கிறது. புத்தகம் விற்று வந்த அமேசன் கம்பனி 2006ஆம் ஆண்டில் தன் கணினிகளையும் சேமிப்பிடத்தையும் பிறருக்கு மணிக்கணக்கில், அளவுக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. மைக்ரோசொப்ட் 2015இல் சென்னையிலும், அமேசன் 2016இல் மும்பாயிலும் 2022இல் ஐதராபாத்திலும் இத்தகைய சாலைகளைத் திறந்தன.

வாடகைக்கு விட்டவன் அதை இப்படிப் பாவி, இப்படிப் பாவியாதே என்று பக்கம் பக்கமாக ஏன் எழுதி வைக்கிறான்? இதுவே வினா. கொல்லனிடம் கத்தி வாங்கினால் அதனால் முருங்கைக்காய் நறுக்குகிறோமா, வேலி வெட்டுகிறோமா என்று கொல்லன் கேட்பதில்லை. கத்தி கைமாறிவிட்டது. மேகக் கணிமையிலே எதுவும் கைமாறுவதில்லை. நாம் செய்யும் வேலையை அவனுடைய இயந்திரம் அவனுடைய கூரையின் கீழே அவனுடைய மின்சாரத்திலே செய்கிறது. நம் வினையின் சுமையும் பழியும் ஒரு பங்கு அவன்மேல் விழுகின்றது. நம்மைத் தடுக்கும் வலியும் அவன் கையிலேயே இருக்கின்றது. கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த இடத்திலிருந்தே கிளைக்கின்றன.

முதலிற் சுமையைப் பார்ப்போம். தீவகத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமது சுண்ணக்கற் பூமியிலே நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் பொதுக்கிணறு எல்லாருக்கும் போதும். ஒருவர் இயந்திரம் வைத்து இரவு பகலாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். இறைத்தவருக்கு மாத்திரமன்றிச் சுற்றியுள்ள எல்லாருக்கும் நீர் கெடும். மேகக் கணிமையும் பொதுக்கிணறு போன்றதே. எல்லாரும் ஒரே நேரத்தில் முழு அளவையும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கிலேதான் விலை குறைவாக இருக்கிறது. மைக்ரோசொப்ட் தன் சந்தாதாரருக்கு எல்லையற்ற சேமிப்பிடம் என்று வாக்களித்துவிட்டு 2015 நவம்பரில் அதை விலக்கிக்கொண்டது. ஒருசிலர் 75 டெரபைட்டுக்கு மேலும் நிரப்பினார்கள் என்றும், அது சராசரிப் பாவனையாளர் வைப்பதைப் போல 14,000 மடங்கு என்றும் காரணம் சொன்னது. காரணம் மெய்யாயிருக்கலாம். ஆனால் எல்லையில்லை என்று பறைசாற்றியவரும் அவர்களே என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை. கூகிள் கம்பனி படங்களுக்குக் கொடுத்த அளவற்ற இலவச இடத்தை 2021 யூன் 1ஆந் திகதியோடு நிறுத்தி, அவற்றையும் 15 கிகாபைட் என்ற வரம்புக்குள் அடக்கிற்று. ஹெரோக்கு என்ற சேவை 2022 நவம்பரில் தன் இலவசத் திட்டங்களையே மூடிவிட்டது. மோசடியும் முறைகேடான பாவனையும் பெருகியதைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறிற்று. இலவசமாகக் கிடைத்த கணினியை வைத்து இணைய நாணயம் உண்டாக்க முயல்வோர் இத்தகைய சேவைகளுக்கெல்லாம் பெருந்தொல்லை. சிலர் செய்ததற்குப் பாடசாலை மாணவனும் இடமிழந்தான்.

பழி என்றேன். ஒரு வாடகையாளன் அங்கிருந்து இலட்சக்கணக்கில் ஏமாற்று மின்னஞ்சல் அனுப்பினால், மற்ற நிறுவனங்கள் அந்த முகவரித் தொகுதி முழுவதிலிருந்தும் வரும் கடிதத்தை மறுத்துவிடும். பக்கத்து அறையிலிருக்கும் நேர்மையான வணிகனின் கடிதமும் போய்ச்சேராது. இதற்காக இடும் தடையை எவரும் குறைகூற முடியாது. உயிர்ச்சேதப் பழிக்கு அஞ்சி இடும் தடைகளும் உள. 2016இல் அமேசன் வெளியிட்ட ஒரு விளையாட்டுக் கருவிக்கான நிபந்தனையிலே, வைத்தியக் கருவி, விமானக் கட்டுப்பாடு, அணு உலை, போர்க்களம் போன்ற உயிர் சம்பந்தமான வேலைகளுக்கு அதனைப் பாவிக்கலாகாது என்று எழுதியிருந்தார்கள். அதோடு நில்லாமல், ஒரு தொற்றுநோய் பரவிப் பிணங்கள் எழுந்து உயிருள்ளோரின் ஊனைத் தின்னத் தொடங்கினால் இத்தடை செல்லாது என்றும் சேர்த்திருந்தார்கள்! எழுதிய சட்டத்தரணி நமது வேதாளக் கதையைப் படித்திருப்பாரோ என்னவோ. நிபந்தனைகளை எவரும் படிப்பதில்லை என்பதை அவர்களே அறிந்து செய்த பகிடி அது.

அடுத்தது அரசுகளின் ஆணை. இங்கேதான் விடயம் பாரதூரமாகிறது. இந்தியாவின் குஜராத் மாநிலத்திலே வாதினார் என்னுமிடத்தில் ஆண்டொன்றுக்கு 2 கோடி தொன் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை உண்டு. அதை நடத்தும் நயாரா எனேர்ஜி கம்பனியில் ருஷியாவின் ரொஸ்னெப்ட் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 49 வீதப் பங்கு. 2025 யூலை 18ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆலையைத் தன் தடைப்பட்டியலிற் சேர்த்தது. இந்திய அரசு அத்தகைய தடை எதையும் விதிக்கவில்லை. மைக்ரோசொப்டும் அமெரிக்கக் கம்பனி. இருந்தும் 22ஆந் திகதி அது நயாராவுக்கான சேவையை நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கிய சேவை. உள்ளே இருந்தவை நயாராவின் சொந்தக் கடிதங்கள். ஊழியர் மின்னஞ்சல் திறக்கவில்லை. கம்பனி ஓர் இந்திய மின்னஞ்சற் சேவைக்கு ஓடிற்று. தில்லி உயர்நீதிமன்றத்துக்கும் போயிற்று. மாதம் முடியுமுன் சேவை மீண்டது. எட்டு நாள்தானே என்று கழித்துவிடலாம். நூற்றாண்டுகளுக்கு முன் பகைவரை ஏற்றாதே என்று கடற்சீட்டில் எழுதியதும், மூன்றாவதொரு வல்லரசின் பட்டியலைப் பார்த்து இன்று கணக்கைப் பூட்டுவதும் ஒரே வமிசத்தைச் சேர்ந்தவை அல்லவா? 2019 யூலையில் ஈரானிலும் சிரியாவிலும் கிரிமியாவிலும் இருந்த இளைஞர் பலருக்கு 'கிற்ஹப்' என்னும் நிரற்களஞ்சியத்திலே தம் சொந்த நிரல்களைத் திறக்க முடியாது போனதும் அமெரிக்கத் தடைச்சட்டத்தின் விளைவே. அவர்கள் செய்த குற்றம் இருந்த இடம்.

கம்பனிக்காரரின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். தடைச்சட்டத்தை மீறினால் தண்டம் கட்டுவது அவர்கள். பல நாடுகளிலே தொழில் நடத்துபவன் எந்த நாட்டுச் சட்டத்தையும் அலட்சியம் செய்ய முடியாது. சந்தேகம் வந்தால் முதலிற் பூட்டு, பிறகு விசாரி என்பதே அவர்களுக்கு ஆதாயமான வழி. பூட்டிய பக்கத்தவன் படும் நட்டம் அவர்கள் கணக்கிலே வருவதில்லை.

இனி, பகிரங்கமாகச் சொல்லிக்கொள்ளாத ஒரு காரணம்: போட்டி. தன் மென்பொருளை உரிமை வாங்கியவர் எவருடைய இயந்திரத்திலும் ஓட்டலாம் என்று இருந்ததை மைக்ரோசொப்ட் 2019 ஒக்ரோபர் 1 முதல் மாற்றிற்று. அமேசன், கூகிள், அலிபாபா ஆகியோரின் மேகங்களில் ஓட்டுவதானால் வேறு உரிமை, வேறு செலவு. தன்னுடைய மேகத்தில் ஓட்டினாற் சலுகை. குதிரைக் கலத்துக்குக் கால், சரக்குக் கலத்துக்கு அரை என்ற அதே தந்திரந்தான். ஆனால் பராக்கிரமபாகு குதிரையை விரும்பியதைக் கல்லிலே வெளிப்படையாக ஒப்புக்கொண்டான். பிரித்தானியப் போட்டி மேற்பார்வை நிறுவனம் 2025 யூலை 31இல் தன் விசாரணை முடிவை வெளியிட்டபோது, அந்நாட்டு மேகச் சந்தையில் அமேசனுக்கும் மைக்ரோசொப்டுக்கும் தனித்தனியே 30 முதல் 40 வீதம்வரை உண்டென்றும், மைக்ரோசொப்டின் உரிம முறை போட்டிக்குக் கெடுதி என்றும் கண்டது. இவ்வகைத் தடை கிணற்றையும் காக்கவில்லை, அயலவரையும் காக்கவில்லை. இது கடலுக்குச் சீட்டு விற்ற இனம்.

மனச்சாட்சியின் பேரால் இடும் தடை மிகச் சிக்கலானது. 2010 டிசம்பரில் விக்கிலீக்ஸ் நிறுவனத்தின் அமெரிக்க இராசதந்திரக் கடிதங்கள் அமேசன் இயந்திரங்களில் இருந்தன. ஓர் அமெரிக்கச் செனற்றரின் அலுவலகம் விசாரித்தபின் அமேசன் அவற்றை நீக்கிற்று. அரசு கேட்டதால் நீக்கவில்லை, பாவனை நிபந்தனை மீறப்பட்டதால் நீக்கினோம் என்றது கம்பனி. நீதிமன்றம் எதுவும் தீர்ப்புக் கூறவில்லை. இதற்கு மறுபுறமும் உண்டு. பலஸ்தீனப் பொதுமக்களின் தொலைபேசி உரையாடல்கள் பெருந்தொகையாக மைக்ரோசொப்ட் மேகத்திலே சேர்த்து வைக்கப்பட்டுள்ளன என்று 2025 ஓகஸ்ற்றில் 'கார்டியன்' பத்திரிகை எழுதிற்று. கம்பனி ஊழியரும் கிளர்ச்சி செய்தனர். செப்டெம்பர் 25ஆந் திகதி, இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சின் ஒரு பிரிவுக்குக் கொடுத்த சில சேவைகளை நிறுத்திவிட்டதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. பொதுமக்களைத் திரளாக வேவு பார்க்கத் தன் நிபந்தனை இடங்கொடாது என்பதே காட்டிய காரணம். ஒரே வகையான வாசகம் ஒரிடத்தில் பலமுள்ளவனுக்கு உதவிற்று. வேறோரிடத்திற் பலமுள்ளவனைத் தடுத்தது. தடையே கூடாது என்போரும், கம்பனி செய்வதெல்லாம் சரி என்போரும் இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

பிழையாகத் தீர்க்கப்படும் வழக்குகளோ ஏராளம். 2021இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துத் தந்தை ஒருவர் தம் குழந்தையின் நோயை வைத்தியருக்குக் காட்டப் படம் எடுத்தார். கூகிளின் தானியங்கிக் காவல் அதனைத் தகாத படம் என்று கொண்டது. கணக்கு மூடப்பட்டது, பல ஆண்டு மின்னஞ்சல், படங்கள், தொலைபேசி இலக்கம் எல்லாம் போயின. பொலிசார் விசாரித்துக் குற்றமில்லை என்றபின்னும் கணக்குத் திரும்பவில்லை என்று 2022இல் 'நியூயோர்க் ரைம்ஸ்' எழுதிற்று. குழந்தைகளைக் காக்கும் தடை வேண்டியதே. ஆனால் ஊராத்துறையிலே பங்கு பிழைத்தால் முறையிடப் பண்டாரத்து அதிகாரி ஒருவன் நேரிலே இருந்திருப்பான். இங்கே இயந்திரத்தின் தீர்ப்புக்கு மேல் முறையிட மனிதரைத் தேடவேண்டியிருக்கிறது.

அப்படியானால் நமக்கென்று ஒரு துறை கட்டுவோம் என்று துடிப்புள்ள இளைஞர் சொல்லுவர். எண்ணம் நன்று. ஆனால் 2023ஆம் ஆண்டு இலங்கையிலே நடந்ததையும் கேளுங்கள். அரசாங்கத்தின் சொந்த மேகமாகிய 'லங்கா கவர்ன்மென்ற் கிளவுட்' கணினிக் கப்பக்காரரின் தாக்குதலுக்கு ஆளாகி, மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறக்குறைய 5,000 முகவரிகள்; மந்திரிசபை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. பழைய மென்பொருளைப் புதுப்பியாமலும், அந்நாட்களுக்கு மாற்றுப் பிரதி வையாமலும் விட்டதே காரணம். செல்வம் கொழிக்கும் தென்கொரியாவிலும் 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் நகரத்து அரச தரவுநிலையம் தீப்பிடித்து, அரசு ஊழியர் கோப்புகள் 858 டெரபைட் மாற்றுப் பிரதியின்றி மறைந்தன. பிறன் துறையில் நிபந்தனை. சொந்தத் துறையிற் கவலையீனம்.

ஆகவே கேட்கவேண்டியது நிபந்தனை உண்டா இல்லையா என்பதன்று, எத்தகைய நிபந்தனை என்பதே. கிணற்றைக் காக்கும் வரம்பு வேண்டும். பக்கத்தவனை ஏமாற்றாதே என்ற தடையும் வேண்டும். ஆனால் ஊராத்துறைக் கல்லின் மூன்று இலட்சணமும் இன்றைய பத்திரங்களிலே பெரும்பாலும் இல்லை. எந்த மொழியில் அச்சிட்டாலும் அவை சட்டத்தரணிகளின் மொழியிலேயே இருக்கின்றன. கல்லிலே வெட்டியவை அல்ல. கம்பனி நினைத்த நாளில் மாற்றி, தொடர்ந்து பாவித்தால் சம்மதித்ததாகக் கொள்வோம் என்று எழுதிவிடலாம். கலம் உடைந்தபோது உடையவனுக்கு எத்தனை பங்கு என்று பராக்கிரமபாகு எண்ணிச் சொன்னான். கணக்கு மூடப்பட்டால் உள்ளிருந்த பொருளில் நமக்கு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் என்பதைப் பல பத்திரங்களிலே தேடித்தான் பிடிக்கவேண்டும்.

இதற்கு அரசுகள் தலையிடத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டெம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மேகத்திலிருந்து இன்னொரு மேகத்துக்குப் பொருளை எடுத்துச்செல்லும் உரிமையை அது பாவனையாளருக்குக் கொடுக்கிறது. மாறிச் செல்வதற்குக் கட்டணமே கேட்கக்கூடாது என்ற பகுதிக்கு 2027 சனவரி 12 தவணை. துறையைவிட்டுக் கலம் புறப்பட வழி இருந்தாற்றான் துறையுடையவன் பங்கை மிதமாகக் கேட்பான் என்பதை ஊராத்துறையும் மோட்டுப்பள்ளியும் முன்பே அறிந்திருந்தன. நாலு துறை அருகருகே போட்டியிட்டதனாலேதான் அரசர் சலுகை கொடுத்தனர்.

நமது சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், வாசிகசாலைகள் செய்யக்கூடியது என்னவென்றால், முதலாவதாகக் கணக்கு ஒரு தனி அங்கத்தவரின் பெயரிலே இருக்கக்கூடாது. அவர் கனடா போய்விட்டால் சங்கத்தின் இருபது வருடச் சரித்திரமும் விமானமேறிவிடும். சங்கத்தின் பெயரிலே திறந்து, மீட்கும் வழியை இரண்டு உத்தியோகத்தர் அறிந்திருக்கவேண்டும். மேகத்தில் இருப்பதன் பிரதி ஒன்று சங்கக் கட்டடத்திலும், இன்னொன்று வேறொரு தீவிலோ யாழ்ப்பாண நகரிலோ ஒருவர் வீட்டிலும் இருக்கட்டும். உற்சவக் கணக்கும் அங்கத்தவர் பட்டியலும் கடதாசியிலும் அச்சாகவேண்டும். ஆண்டுக்கொருமுறை, பொதுக்கூட்டத்துக்கு முன்னதாக, ஆங்கிலம் தெரிந்த இரண்டு மாணவரை இருத்தி அந்த நிபந்தனைப் பத்திரத்தைப் படிப்பித்து, எந்தக் காரணத்துக்காகக் கணக்கை மூடலாம், மூடினால் எத்தனை நாள் தவணை என்ற இரண்டை மாத்திரமாவது தமிழில் எழுதுவித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைக்கலாம். அடுத்த முறை நயினாதீவுக்குப் போகும் மாணவர், அக்கல்லின் எழுத்துக்களையும் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்து வரட்டும்.